புல்வெளியா, கடலா? மங்கோலியர் காலத்தில் சீனாவுக்குப் போன இரண்டு வழிகள்

1320களில் ஜெனோவாவிலோ வெனிஸிலோ ஒரு வியாபாரி சீனாவுக்குக் கிளம்ப நினைத்தால், அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

வடக்கு வழியில் போகிறவர் கருங்கடலைக் கடந்து, அஸோவ் கடலோரம் இருந்த தானா துறைமுகத்தில் இறங்குவார். அங்கிருந்து புல்வெளியும் பாலையுமாகக் கிழக்கே போய், கான்பாலிக் என்ற இன்றைய பெய்ஜிங்கை அடைவார். தெற்கு வழியில் போகிறவர் மத்தியதரைக் கடலின் ஆயாஸிலோ கருங்கடலின் தென்கரையில் உள்ள திரெபிஸாந்திலோ இறங்கி, தப்ரீஸ் நகரம் வழியாகப் பாரசீகத்தைக் கடந்து, ஹோர்முஸில் கப்பல் ஏறுவார். இந்தியக் கரைகளைத் தொட்டு, சுமத்திராவைச் சுற்றி, சைத்தூனில் போய் இறங்குவார். சைத்தூன்தான் இன்றைய சுவான்சௌ.

வரைபடத்தில் அளந்தால் வடக்கு வழி குறைவு. ஆனால் தூரத்தை மட்டும் வைத்து யாரும் வழி தேர்ந்தெடுக்கவில்லை. வோல்கா ஆற்றங்கரையை ஆண்டது செங்கிஸ் கானின் மூத்த மகன் ஜோச்சியின் வழி வந்த பொற்கூட்டம் என்ற மங்கோலிய அரசு. மத்திய ஆசியா இரண்டாம் மகன் சகதாயின் வாரிசுகளிடம். பாரசீகம் பேரன் ஹுலாகுவின் இல்கான் வம்சத்திடம். சீனா இன்னொரு பேரன் குப்ளாயின் யுவான் வம்சத்திடம். ஆக, எல்லாரும் பங்காளிகள். எந்த ஆண்டில் எந்தப் பங்காளிக்கு எவரோடு சண்டை என்பதைப் பொறுத்தே எந்த வழி திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பது அமைந்தது. இரண்டு வழிகளையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வடக்கு வழி: கணக்குப் பிள்ளையின் குறிப்பு

வடக்கு வழியைப் பற்றி நமக்கு அருமையான சாட்சி ஒருவர் இருக்கிறார். புளோரன்ஸின் பார்தி வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்செஸ்கோ பெகலோட்டி. அவர் சீனாவுக்குப் போனவர் இல்லை. போய் வந்தவர்களிடம் கேட்டு, 1340 வாக்கில் வியாபாரிகளுக்கான கையேடு ஒன்றை எழுதினார். வியப்புக் கதை எதுவும் அதில் கிடையாது. எத்தனை நாள், எந்த வண்டி, என்ன செலவு என்பதே அவருடைய கவலை.

தானாவிலிருந்து அஸ்திரகான் வரை மாட்டு வண்டியில் 25 நாள். குதிரை வண்டி என்றால் 10 முதல் 12 நாள். அங்கிருந்து ஆற்றில் ஒரு நாள் போனால் பொற்கூட்டத்தின் தலைநகரமான சராய். பிறகு சராய்ச்சிக் வரை 8 நாள். நிலத்திலும் போகலாம், ஆனால் சரக்கோடு போகிறவருக்குத் தண்ணீர் வழியில் செலவு குறைவு என்கிறார். அப்புறம் ஒட்டக வண்டியில் உர்கெஞ்சுக்கு 20 நாள், ஒத்ராருக்கு 35 முதல் 40 நாள். ஒத்ராரிலிருந்து கழுதைப் பொதியோடு அல்மாலிக் 45 நாள், அங்கிருந்து சீன எல்லையின் கான்சௌ 70 நாள். அதற்கு மேலும் குதிரையில் ஒன்றரை மாதம் போய், ஹாங்சௌ பக்கம் வெள்ளியை மாற்றிக்கொண்டு, கடைசியாக 30 நாளில் கான்பாலிக். கூட்டினால் ஒன்பது மாதத்துக்குக் குறையாது.

செலவுக் கணக்குதான் என்னை அசத்தியது. ஒரு வியாபாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், இரண்டு வேலையாட்கள், 25,000 தங்க புளோரின் மதிப்புள்ள சரக்கு. இந்தக் கூட்டம் சீனா போய்ச் சேர, சிக்கனமாக இருந்தால் 60 முதல் 80 சொம்மோ வெள்ளி போதும் என்கிறார். ஒரு சொம்மோ ஐந்து புளோரின் என்று அவரே மதிப்புப் போடுகிறார். அப்படியானால் 300 முதல் 400 புளோரின். சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு இரண்டுகூட வராது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் பயணத்துக்கு இது மிகக் குறைந்த செலவு. பொற்கூட்டத்தின் உஸ்பெக் கான் காலத்தில் தானாவில் வெனிஸ்காரர்கள் கட்டிய சுங்கமும் நூற்றுக்கு மூன்றுதான்.

நடைமுறை அறிவுரைகளும் தருகிறார். தாடியை மழிக்காமல் வளரவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. நல்லவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது கடைசியில் லாபமே. வேலையாட்களுக்குப் புல்வெளியில் பேசப்பட்ட துருக்கிய மொழியான கூமன் தெரிந்திருக்க வேண்டும். மாவும் உப்பு மீனும் எடுத்துப் போக வேண்டும். இறைச்சி வழியெல்லாம் கிடைக்கும். பாதை இரவும் பகலும் பாதுகாப்பானது என்று போய் வந்தவர்கள் சொல்வதாகவும் எழுதுகிறார்.

ஆனால் அந்த உறுதிமொழிக்குப் பக்கத்திலேயே இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. வழியில் வியாபாரி இறந்துபோனால், கூட வந்தவர் அவருடைய சகோதரர் என்று சொல்லி வாங்கிக்கொள்ளாத பட்சத்தில், சரக்கு அந்த நாட்டு ஆட்சியாளருக்குப் போய்விடும். இன்னொன்று, ஒரு கான் இறந்து அடுத்தவர் பதவியேற்கும் வரை உள்ள இடைவெளியில் வெளிநாட்டாருக்குப் பாதுகாப்பு இல்லை. பாதையின் பாதுகாப்பு ஒரு மனிதரின் உயிரில் தொங்கியது என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.

தெற்கு வழி: சுங்கச் சாவடிகளும் தைத்த கப்பல்களும்

தெற்கு வழியின் முதல் பாதி தப்ரீஸ். வடக்கில் தானா ஒரு எல்லைச் சந்தைதான். தப்ரீஸோ உலகச் சந்தை. 1260களிலேயே பியெத்ரோ வில்யோனி என்ற வெனிஸ் வியாபாரி அங்கே உயில் எழுதியிருக்கிறார். முத்து, நறுமணப் பொருள், பட்டு எல்லாம் அங்கேயே கிடைத்ததால் பல இத்தாலியர்களுக்கு அதைத் தாண்டிப் போகும் தேவையே இருக்கவில்லை.

ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில் கை கடிக்கும். ஆயாஸிலிருந்து தப்ரீஸ் வரை ஊருக்கு ஊர் ஒரு பொதிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய தொகைகளைப் பெகலோட்டி நீண்ட பட்டியலாகவே தருகிறார். சிவாஸ், எர்சின்ஜான், எர்சுரூம் எல்லாம் அதில் வரும். வழிக்காவல் படைக்கான கட்டணமும் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஹோர்முஸில் காத்திருந்தது. மார்க்கோ போலோ தந்தையோடும் சித்தப்பாவோடும் 1271ல் கிளம்பி ஹோர்முஸ் வரை வந்தவர். அங்கிருந்த கப்பல்களில் இரும்பு ஆணி கிடையாது. தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்திருந்தார்கள். ஒரு பாய்மரம், ஒரு பாய், மேல்தளம் இல்லை. சரக்கைத் தோலால் மூடி, அதன் மேல் இந்தியாவுக்கு விற்கப் போகும் குதிரைகளை ஏற்றுவார்கள். பல கப்பல்கள் மூழ்கிவிடுவதாகவும் அவர் சொல்கிறார். மூவரும் திரும்பி நிலத்தில் ஏறி, பாமிர் மலைகளைக் கடந்து, 1275 வாக்கில் குப்ளாயிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் வழி என்பது உண்மையில் இரண்டு வெவ்வேறு கடல் பயணங்கள். ஹோர்முஸிலிருந்து மலபார் வரை தைத்த கப்பல்கள். கொல்லத்திலிருந்து கிழக்கே சீனக் கப்பல்கள்: இரும்பு ஆணி, நான்கு பாய்மரம், வணிகர்கள் தங்க 50, 60 அறைகள், கப்பலின் அடியில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் மற்ற பகுதிகளுக்குத் தண்ணீர் பரவாத தடுப்புகள். முதல் பயணத்தின் பயத்தை வைத்து முழு வழியையும் எடைபோட்டால் தப்பாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் பருவக்காற்றுக்காகக் காத்திருக்கும் கரைகள் நம்முடையவை. பாரசீக வளைகுடாவின் குதிரைகள் பாண்டிய நாட்டுக் காயலில் இறங்கின. அந்த வியாபாரத்தை நடத்திய கீஷ் தீவின் ஜமாலுத்தீனுடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியரிடம் பெரிய பதவியில் இருந்தார். குப்ளாயின் தூதர்கள் கொல்லத்துக்கும் மாபார் என்று அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரைக்கும் வந்து போனார்கள். மறு முனையில், சுவான்சௌவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, செகசைக் கானின் (குப்ளாய் என்று கருதப்படுகிறது) பர்மான் என்ற அரசாணை பெற்று, அவருடைய நலனுக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. இத்தாலியர்கள் தயங்கி நின்ற அதே கடலில் நம் வணிகர்கள் ஏற்கெனவே போய்க் குடியேறி, மங்கோலிய அரசின் ஆணையோடு கோயிலும் கட்டியிருந்தார்கள்.

இரண்டையும் அறிந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

மொந்தேகொர்வினோவின் ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் சாட்சிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 1291ல் அவர் தப்ரீஸிலிருந்து கிளம்பி, கடல் வழியாக இந்தியா வந்து, புனித தோமா ஆலயம் இருந்த பகுதியில் 13 மாதம் தங்கினார். கூட வந்த துறவி நிக்கோலஸ் அங்கேயே இறந்து அடக்கமானார். பியெத்ரோ லுக்கலோங்கோ என்ற வியாபாரியும் தப்ரீஸிலிருந்து அவரோடு பயணம் செய்தவர். பின்னாளில் கான்பாலிக்கில் ஆலயம் கட்ட நிலம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

இப்படிக் கடல் வழியாகவே சீனா போய்ச் சேர்ந்த ஜான், 1305 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அடுத்து வருகிறவர்களுக்கு வடக்கு வழியைத்தான் பரிந்துரைத்தார். பொற்கூட்டத்துக் கான் தொக்தாவின் நிலம் வழியே தூதர்களோடு வந்தால் ஐந்தாறு மாதத்தில் வந்துவிடலாம், அதுவே பாதுகாப்பும்கூட; கடல் வழி நீளமானது, ஆபத்தானது, இரண்டு ஆண்டிலும் முடியாமல் போகலாம் என்கிறார். அவர் சொல்லும் ஐந்தாறு மாதத்தையும் பெகலோட்டியின் ஒன்பது மாதத்தையும் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. தூதர்கள் யாம் என்ற அஞ்சல் நிலையங்களில் குதிரை மாற்றிப் பறந்தவர்கள். பொதியோடு போகிற வியாபாரி கழுதையின் வேகத்தில் போனவர்.

சரி, வடக்கு வழி அவ்வளவு நல்லதென்றால் அவரே ஏன் அதில் போகவில்லை? அதே கடிதத்தில் பதில் இருக்கிறது. போர்களால் அந்தப் பாதை வெகுகாலம் பாதுகாப்பாக இல்லை. 12 ஆண்டாகப் போப்பின் அவையிலிருந்து தமக்குச் செய்தியே வரவில்லை என்கிறார்.

அந்தப் போர்கள் 1262ல் தொடங்கியவை. பொற்கூட்டத்தின் பெர்கேயும் இல்கான் ஹுலாகுவும் மோதிக்கொண்டபோது, வோல்கா பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்த மூத்த போலோ சகோதரர்களுக்கு, அதாவது மார்க்கோவின் தந்தைக்கும் அவருடைய சகோதரருக்கும், திரும்பும் வழி அடைபட்டது. அவர்கள் புகாராவில் மூன்று ஆண்டு கிடந்தார்கள். அந்த முடக்கம்தான் அவர்களைக் குப்ளாயிடம் கொண்டு சேர்த்தது. பிறகு மத்திய ஆசியாவில் செங்கிஸ் கானின் மூன்றாம் மகன் ஒகோதேயின் பேரன் கைடு 1301 வரை குப்ளாய் வீட்டோடு சண்டை பிடித்தார். இல்கான் அர்கூனுக்கு மணப்பெண்ணாகக் கொகாச்சின் இளவரசியை அழைத்துப் போக வந்த தூதர்கள் நிலத்தில் கிளம்பி, போரால் முடியாமல் திரும்பி வந்து, கடைசியில் போலோக்களோடு சைத்தூனில் கப்பல் ஏறினார்கள். 14 கப்பல்கள், மாலுமிகளைத் தவிர 600 பேர். பாரசீகம் சேர்ந்தபோது மிஞ்சியவர்கள் 18 பேர்தான் என்கிறார் மார்க்கோ. அதற்குள் அர்கூனும் இறந்திருந்தார்.

1304ல் பங்காளிகள் சமாதானமானார்கள். மறு ஆண்டு இல்கான் ஒல்ஜைத்து பிரெஞ்சு மன்னர் பிலிப்புக்கு எழுதிய கடிதத்தில், 45 ஆண்டுப் பகை தீர்ந்து அஞ்சல் நிலையங்கள் மறுபடி இணைந்துவிட்டன என்று அறிவிக்கிறார். பெகலோட்டியின் குறிப்பு இந்தச் சமாதானத்தின் விளைச்சல். நாற்பது ஆண்டு முன்னால் அவர் அப்படி எழுதியிருக்கவே முடியாது.

என்ன வாங்கப் போகிறீர்கள்?

பட்டு என்றால் வடக்கு. எடை குறைவு, விலை அதிகம், கழுதை முதுகில் வந்தாலும் கட்டுப்படியாகும். சீனப் பட்டு ஜெனோவா ஆவணங்களில் 1257லேயே தலைகாட்டுகிறது. போகும்போது லினன் துணியை உர்கெஞ்சில் விற்று வெள்ளியாக்கிக்கொள்ளலாம். சீனாவில் அந்த வெள்ளியை அரசு வாங்கிக்கொண்டு மஞ்சள் நிறக் காகிதப் பணம் தரும். சீன நாட்டில் ஒரு சொம்மோவுக்கு 19, 20 ராத்தல் பட்டு கிடைக்கும் என்பது பெகலோட்டியின் கணக்கு.

மிளகு, கிராம்பு, முத்து என்றால் தெற்குதான். பொதி மிருகத்தில் ஏற்றிப் பாலையைக் கடக்கிற சரக்கல்ல மிளகு. எகிப்து வழியாகச் செங்கடல் என்று மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. ஆனால் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் ஐரோப்பியரை அலெக்ஸாந்திரியாவைத் தாண்டி விடவில்லை, போப்பின் தடையும் சேர்ந்துகொண்டது.

நானாக இருந்தால், 1304க்கும் 1335க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பட்டுக்காகப் போகிற வியாபாரியிடம் போகவும் வரவும் வடக்கு வழியையே சொல்வேன். நேரம், செலவு, சுங்கம் மூன்றிலும் அதுவே மேல். கைடு உயிரோடு இருந்த ஆண்டுகளில் என்றால், 600 பேர் கதை தெரிந்தும், கடலைத்தான் சொல்வேன். காற்று எப்போது திரும்பும் என்பதையாவது மாலுமி அறிவார். கானின் படை எப்போது திரும்பும் என்று எவருக்கும் தெரியாது.

அந்த நல்ல ஆண்டுகள் நீளவில்லை. 1335ல் இல்கான் அபு சயீத் வாரிசில்லாமல் இறக்க, பாரசீகம் சிதறி, தப்ரீஸ் ஐரோப்பியருக்கு ஆபத்தான ஊரானது. அதற்குச் சில ஆண்டில் அல்மாலிக்கில் பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட்டார்கள். 1343ல் தானாவில் ஒரு வெனிஸ்காரர் உள்ளூர்க்காரரைக் கொன்றுவிட, பொற்கூட்டத்தின் ஜானிபெக் கான் இத்தாலியரை விரட்டிவிட்டுக் கிரிமியாவின் கஃபா நகரத்தை முற்றுகையிட்டார். கொள்ளைநோய் 1346ல் அங்கே வந்தது. இதற்கு நடுவிலும் போப்பின் தூதர் மரிஞ்ஞோல்லி வடக்கு வழியில் போய், 1342ல் கான்பாலிக்கில் பேரரசருக்கு ஒரு பெரிய குதிரையைப் பரிசளித்தார். அவர் திரும்பியது சைத்தூனிலிருந்து, கொல்லம் வழியாக, கடலில். 1342லும் 1344லும் யாங்சௌவில் இறந்த இத்தாலிய வணிகக் குடும்பத்துக் காதரீனா, அந்தோனியோ இருவருக்கும் லத்தீன் எழுத்தில் கல்லறைக் கற்கள் வைக்கும் அளவுக்குச் சீனாவில் ஆட்கள் இன்னும் இருந்தார்கள். 1368ல் யுவான் ஆட்சி விழுந்தது. 1395ல் தைமூர் சராயையும் தானாவையும் அழித்தார்.