மணிவிழாப் பாட்டுக் காணொளிக்குப் பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் திருமணம், பிறந்தநாள், மணிவிழா ஆகியவற்றுக்கு நகைச்சுவைப் பாட்டுக் காணொளி செய்து தருவதாக முகநூலில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் எங்கள் குடும்பம் 45,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறது. முறைப்பாடு இன்னும் முடியாததால் அவருடைய பெயரை எழுதவில்லை. ஆனால் விழாக்காலம் நெருங்கும்போது வேறு வீடுகளும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால், நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மாமாவின் மணிவிழாவுக்காகத்தான் காணொளி கேட்டிருந்தோம். அவர் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். நகரத்துக்குள் புள்ளிமான்கள் வீதியை மறித்து நின்றால் ஹோர்ன் அடிக்க மனம் வராமல், அவை விலகும்வரை பஸ்ஸை நிறுத்திவைத்துப் பயணிகளிடம் ஏச்சு வாங்கிய கதைகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. அவற்றை வைத்து மச்சாள் எழுதிய வரிகளுக்கு மெட்டமைத்து, உள்ளூர்ப் பாடகரைக் கொண்டு பாடுவித்து, ஓவியர் ஒருவர் கையால் வரைந்த கேலிச்சித்திரங்களோடு தருவதாக அந்த விளம்பரக்காரர் வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே உறுதியளித்தார். இத்தனை பேருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவ்வளவு தொகையையும் முன்கூட்டியே வாங்கினார்.

விழாவுக்கு முதல்நாள் இரவு வந்த காணொளியில் ஓவியரும் இல்லை, பாடகரும் இல்லை. ஒரு காட்சியில் சிவப்பு நிறத்தில் வந்த பஸ் அடுத்த காட்சியில் நீலமாகி, சாரதி ஆசனம் இடப்பக்கம் மாறி, வீதியின் வலப்பக்கமாக ஓடியது. அதன் பெயர்ப்பலகையில் இருந்தவை தூரத்தில் தமிழ்போலத் தெரிந்தாலும் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல்கள். கோணேசர் கோயில் என்று காட்டப்பட்டது மலையுச்சியில் இல்லாமல், தட்டையான மணற்கரையில் நின்றது. மாமாவின் முகம் காட்சிக்குக் காட்சி வேறு ஆளாக மாறியது. எந்தக் காட்சியும் எட்டு விநாடியைத் தாண்டவில்லை. ஓரிடத்தில் மூலையில் இருந்த அடையாள எழுத்தை ஒரு பூப்படத்தால் மறைத்திருந்தார்கள், அதன் ஓரம் வெளியே தெரிந்தது. கூகுள் 2025 மே மாதத்தில் வெளியிட்ட வியோ 3 என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எட்டு விநாடிக்கு மேற்போகாத துண்டுகளாகவே காணொளியை உருவாக்குகிறது என்பதையும், அப்படி உருவாகும் துண்டுகளில் அடையாள எழுத்து பதியப்படுவதுண்டு என்பதையும் மருமகன்தான் எடுத்துக் காட்டினார்.

பாட்டில் ஒரேயொரு வரியை மாற்றித் தரும்படி கேட்டபோது, மெட்டும் குரலும் முழுவதாக மாறிய வேறொரு பாட்டு சற்று நேரத்தில் வந்து சேர்ந்தது. நேரடியாகக் கேட்டதும், செயற்கை நுண்ணறிவால் பாட்டு உருவாக்கும் சுனோ என்ற இணையச் சேவையின் இலவசக் கணக்கில் செய்ததாக ஒப்புக்கொண்டார்.

செயற்கை நுண்ணறிவால் செய்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் செய்வேன் என்று சொல்லி, அதற்குரிய விலையைக் கேட்டிருந்தால் நாங்களும் சம்மதித்திருப்போம். வேகமாகவும் மலிவாகவும் கிடைப்பதை மனித உழைப்பு என்று சொல்லி விற்றதுதான் மோசடி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சுனோவின் விதிகளின்படி இலவசக் கணக்கில் உருவாகும் பாட்டைத் தனிப்பட்ட முறையில் மட்டுமே பயன்படுத்தலாம். அதை விற்கவோ வருமானம் தேடவோ அனுமதியில்லை, பின்னர் சந்தா கட்டினாலும் பழைய பாட்டுக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது. ஆகவே விற்கும் உரிமையே தனக்கு இல்லாத ஒன்றைத்தான் அவர் எங்களுக்கு விற்றிருக்கிறார். இதற்கு மேலாக, மாமாவின் படத்தை எங்களைக் கேட்காமலே தன் விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார். எங்களை மிகவும் நோகச் செய்தது அதுதான்.

இப்படியான வேலையை யாரிடமாவது ஒப்படைப்பதானால், எந்தக் கருவி, எந்த வகைக் கணக்கு, படங்களை வேறெதற்கும் பயன்படுத்துவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதி வேலையைப் பார்க்காமல் முழுப்பணத்தையும் கட்டாதீர்கள். உண்மையான பாடகர் இருந்தால், ஒலிப்பதிவுக்கு முன் இரண்டு வரியைத் தொலைபேசியிலேயே பாடிக் காட்ட அவருக்குச் சிரமம் இருக்காது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. முறைப்பாடுகளை ஏற்கும் அந்தச் சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் உரையாடலையும் வங்கியில் வைப்பிட்ட பற்றுச்சீட்டையும் அழிக்காமல் வைத்திருந்து, அந்தக் காலம் கடக்குமுன் எழுதிக் கொடுங்கள்.