ஔவைப் பாட்டியா, காரைக்கால் அம்மையாரா?

இருவருமே இளமையைத் தாங்களாகவே உதறியவர்கள். கதைப்படி, கல்யாணப் பேச்சு எழுந்ததும் ஔவை பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டார். புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட அம்மையாரோ, கணவன் பரமதத்தன் தன் காலில் விழுந்து விலகியபின், சிவனிடம் பேயுருவம் கேட்டார்.

ஔவையின் நரை ஊர் சுற்ற வழிவிட்டது. கூழ் குடிப்பார், குழந்தைக்கு அறம் சொல்வார், அரசனிடமும் தயங்காமல் பேசுவார். பாட்டியை யார் தடுப்பார்கள்? ஆனால் புறநானூற்றின் 89ஆம் பாடலில் அவர் மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் கொண்ட விறலி, அதாவது ஆடிப் பாடும் கலைஞர். பல ஔவைகளை ஒரே கிழவியாக்கியது பிற்காலம்.

அம்மையாரோ யாருக்கும் பாட்டி இல்லை. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண் என்று பேயைப் பாடி, தன்னையும் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொண்டார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டு ஆட்டத்தைப் பாடினார். பெரியபுராணத்தில் சிவனே அவரை ‘அம்மையே’ என்கிறார்.

எனக்கு அம்மையார்தான் நெருக்கம். ஔவையின் முதுமையை ஊர் சுலபமாக ஏற்றுக்கொண்டது, அது ஊருக்குப் பயன்பட்டது. அம்மையாரின் உடலோ யாருக்கும் பயன்பட வேண்டியதில்லை. 63 நாயன்மார் வரிசையில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.