லவிங், கலவாவோ: மக்கள்தொகையில் மிகச் சிறிய இரு கவுண்டிகள்

2020 கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவிலேயே மிகக் குறைவான மக்கள் வாழும் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவான நிர்வாகப் பகுதி) டெக்சாஸ் மாநிலத்தின் லவிங் (64 பேர்). அதற்கு அடுத்தது ஹவாயின் கலவாவோ (82 பேர்). எண்கள் நெருங்கியிருந்தாலும் அவற்றின் பின்னுள்ள வரலாறுகள் முற்றிலும் வேறானவை.

நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி, பெக்கோஸ் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 677 சதுர மைல் பரப்பில் விரியும் வறண்ட நிலம் லவிங். 1893இல் அமைக்கப்பட்டு, 1897இல் கலைக்கப்பட்ட இக்கவுண்டி, எண்ணெய் வளத்தின் வரவால் 1931இல் மீண்டும் உயிர்பெற்றது. மக்கள் சிலரே ஆயினும் மென்டோன் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட தனி நிர்வாகம் இதற்கு உண்டு.

கலவாவோவின் நிலப்பரப்போ சுமார் 12 சதுர மைல்தான். மொலோக்காய் தீவின் வடகரையில், ஒருபுறம் செங்குத்தான மலைச்சுவரும் மற்றப் புறங்களில் கடலும் சூழ்ந்த இந்தத் தீபகற்பத்துக்கு, 1866 முதல் தொழுநோயாளிகள் குடும்பத்தினரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கட்டாயமாக அனுப்பப்பட்டனர். இயற்கையின் அரணையே சிறையாக்கிய கொடுமை அது. 1873இல் வந்த அருட்தந்தை டேமியன் அவர்களுக்குத் தொண்டாற்றி, அதே நோய்க்கு ஆளாகி 1889இல் மறைந்தார். கட்டாயத் தனிமைப்படுத்தல் 1969இல்தான் முடிவுக்கு வந்தது. விடுதலைக்குப் பின்னும் சிலர் அங்கேயே வாழ விரும்பினர். தனி நிர்வாகம் இல்லாத இக்கவுண்டி இன்றும் மாநிலச் சுகாதாரத் துறையின் பொறுப்பிலேயே உள்ளது.

லவிங்கில் மக்கள் குறைவாக இருப்பதற்கு நீரின்மையும் ஒரு காரணம். கலவாவோவிலோ, புதிய நோயாளிகளின் வருகை நின்று, முதியவர்கள் ஒவ்வொருவராக மறைவதால் எண்ணிக்கை சுருங்கியது.