முதலில் கம்ப்யூட்டரில் பறக்கட்டும்

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் நீர் வடிந்த கரையில், நானே செய்த என் முதல் ஏரோமாடல், அதாவது சின்ன மாதிரி விமானம், நான்கு நொடிதான் பறந்தது. கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் நின்றது, இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. ப்ரொப்பெல்லர் தூள். "பறக்கவிட்டுத்தான்டா கத்துக்கணும்" என்றான் மாமா பையன்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த விமானத்தின் அளவுகளை எக்ஸ்.எஃப்.எல்.ஆர்.5 என்ற இலவச மென்பொருளில் ஏற்றிப் பார்த்தேன். எடைமையம், நடுநிலைப் புள்ளிக்குப் பின்னால் கிடந்தது. விமானம் நிலையாகப் பறக்க எடைமையம் தாண்டக் கூடாத பின் எல்லைதான் அந்தப் புள்ளி. அப்படி இருந்தால் மூக்கு தூக்கினால் தூக்கிக்கொண்டே போகும். பேட்டரியை முன்னே தள்ளியிருந்தால் போதும்.

நேரடிப் பறப்பில் அசல் காற்று கிடைக்கும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நேற்றைய காற்று இன்று இருக்காது. பேட்டரியையும் வால் கோணத்தையும் மாற்றிப் பறக்கவிட்டால், நன்றாகப் பறந்தது எதனால் என்று தெரியாது. கம்ப்யூட்டரில் ஒன்றை மட்டும் நகர்த்தி, மற்றதெல்லாம் அப்படியே வைத்து, இருபது முறை பார்க்கலாம். நான் சிமுலேஷன், அதாவது கம்ப்யூட்டரில் பறக்கவிட்டுப் பார்ப்பதன் பக்கம் சாய்ந்தது முக்கியமாக இதனால்தான். பசை காயக் காத்திருக்கும் ராத்திரிகள் மிச்சமானது அப்புறம்.

பெரிய விமானங்களில் இது இன்னும் அவசியம். நம் நாட்டுப் போர் விமானம் தேஜஸ் வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைத்து வடிவமைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளாவிட்டால் பறக்காது. அதனால் 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதல்முறை எழும்பும் முன்பே, அந்தக் கம்ப்யூட்டர் விமானத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டு விதிகளைத் தரைச் சிமுலேட்டரிலும், வேறு விமானம் போல நடந்துகொள்ளும்படி மாற்றிய ஓர் அமெரிக்க எஃப்-16-லும் சோதித்தார்கள்.

சரி, சிமுலேட்டர் எதைத் தவறவிடும்? 1977 அக்டோபர் 26 அன்று நாசாவின் சோதனை விண்ணோடமான எண்டர்பிரைஸ் கான்கிரீட் ஓடுபாதையில் இறங்கும்போது, விமானியின் கையும் கட்டுப்பாட்டு அமைப்பின் தாமதமும் மாறிமாறி மோதி, விண்ணோடம் ஆடித் துள்ளியது. அப்புறம் ஒரு எஃப்-8 விமானத்தில் வேண்டுமென்றே தாமதம் சேர்த்து, நிஜமாகவே தரையிறக்கிப் பார்த்தார்கள். சிமுலேட்டரில் உட்கார்ந்தவருக்கு அடிபடாது என்று தெரியும். தரை நெருங்கும்போது கை இறுகாது. அந்த இறுக்கத்தை எந்த மென்பொருளில் எழுதுவது?

என் அனுபவம் சின்ன மாடல்களோடு நிற்கிறது. அதிலும் ஸ்டால், அதாவது மூக்கு அதிகம் தூக்கி இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை, நெருங்கும்போது இந்த மென்பொருள் காட்டும் எண்களை நான் நம்புவதில்லை; இறக்கையை விட்டுக் காற்று பிரிவதை அது சரியாகக் கணிக்காது. மலையில் முட்டித் திரும்பும் சாயங்காலக் காற்றும் அதற்குத் தெரியாது.

இரண்டாவது விமானம் முதல் நாளே வட்டமடித்து இறங்கியது. ஆனால் கணக்கு சொன்னதைவிடக் கூடுதல் த்ராட்டில், அதாவது மோட்டார் வேகம், கேட்டது. நான் ஒட்டிய டேப், வால் பலகையை அசைக்கும் குட்டி மோட்டாரிலிருந்து வெளியே நீட்டிய சர்வோ கம்பி எதுவும் கணக்கில் இல்லையே! இப்போது அவை காற்றில் தரும் இழுவையையும் சேர்த்திருக்கிறேன். மூன்றாவதற்குப் பேட்டரி அறையை நான்கு சென்டிமீட்டர் நீளமாக வெட்டியாயிற்று. அணைக்கரையில் முன்பின் நகர்த்த இடம் வேண்டுமே.