புதிது என்று விற்கப்பட்ட பழைய ஆட்டோமேட்டிக் மெஷின்: கடலோர அச்சகத்தார் கவனத்திற்கு

ராமநாதபுரம் முதல் மண்டபம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையிலும் பனியன், துணிப்பை, திருமணத் தாம்பூலப் பை அச்சடித்துப் பிழைக்கும் கடைக்காரர்கள் பலர் இப்போது கைமெஷினை விட்டு ஆட்டோமேட்டிக் ஸ்கிரீன் பிரிண்டிங் (கண்ணித் துணித் திரை வழியே மையை அழுத்தி அச்சடிக்கும் முறை) மெஷினுக்கு மாற யோசித்து வருகிறார்கள். அவர்களுள் சிலர் எங்கள் கடைக்கு வந்து தங்களுக்குக் கிடைத்த விலைப்பட்டியலைக் காட்டி யோசனை கேட்கிறார்கள். எங்களை ஏமாற்றிய விற்பனையாளர் எங்களுக்கு எழுதித் தந்த அதே வாசகங்கள் அந்தப் பட்டியல்களிலும் இருப்பதைக் கண்ட பிறகு, நடந்ததை முழுமையாக எழுதிவிடுவது என் கடமை என்று கருதினேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் கடை கீழக்கரைக்கு அருகில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது. நானும் என் மைத்துனரும் உதவிக்கு இரண்டு தம்பிகளும் சேர்ந்து நான்கு கலர் கைமெஷினில் வேலை செய்து வந்தோம். பொங்கலுக்கு முன் கபடி, கைப்பந்துக் குழுக்களின் பனியன் வேலை குவியும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததும், 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும் துணிப்பை ஆர்டர்களும் கூடின. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடற்கரை ஊர்களில் பணப்புழக்கம் குறைந்துவிடும், சங்கங்களும் குழுக்களும் ஆர்டரைத் தள்ளிப்போடுவார்கள். சில மாதங்களில் குவிந்தும் சில மாதங்களில் வறண்டும் வருகிற இந்த வேலை எவ்வளவு கடனைத் தாங்கும் என்பதுதான் நாங்கள் விற்பனையாளரிடம் கேட்ட முதல் கேள்வி. அதற்கு அவர் போட்டுக் காட்டிய கணக்கு முழுவதும் ஒரே எண்ணின் மேல் நின்றது: மணிக்கு 900 பனியன்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 3600 விநாடிகள். 900 பனியன் என்றால் ஒரு பனியனுக்கு நான்கே விநாடிகள். மெஷின் மை இல்லாமல், துணி இல்லாமல், வெறுமனே சுற்றும்போது அந்த வேகம் கிடைக்கும். கறுப்பு அல்லது கருநீலப் பனியனில் கலர் எடுபட வேண்டுமானால் முதலில் வெள்ளை அடித்து, அதை பிளாஷ் விளக்கின் கீழ் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி, அதன் மேல்தான் மற்ற கலர்களை அடிக்க முடியும். அந்த உலர்வுக்கு ஏழு விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த நிலைக்குச் சுழலும் நேரத்தையும் சேர்த்து ஒரு சுற்று பத்து விநாடியை எட்டிவிடுகிறது. அப்போது மணிக்கு 360தான் வரும். அதுவும் ஒருவர் மாட்டவும் ஒருவர் கழற்றவும் இடைவிடாமல் நின்றால் மட்டுமே. கபடிக் குழுக்கள் கேட்பவை பெரும்பாலும் அடர்நிறப் பனியன்கள் என்று எழுத்துமூலமாகவே தெரிவித்திருந்தோம். அப்படியிருந்தும் 900 என்பதை வைத்துத்தான் மாதத் தவணையைக் கணக்கிட்டு வங்கிக்கான திட்ட அறிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள்.

கலர் எண்ணிக்கையிலும் இதே மறைப்பு உண்டு. எட்டு நிலைகள் கொண்ட வட்ட மெஷினில் மாட்ட ஒன்று, கழற்ற ஒன்று போக ஆறு நிலைகளில் அச்சடிக்கலாம், அதனால் அது ‘ஆறு கலர்’ மெஷின் என்று விற்கப்படுகிறது. அந்த ஆறில் ஒன்றை பிளாஷ் பிடித்துக்கொள்ளும். சூடான பனியன் ஆறாமல் அடுத்த ஸ்கிரீனுக்குக் கீழே போனால் மை கண்ணியிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும் என்பதால், ஆறுவதற்கு இன்னொரு நிலையையும் காலியாக விட வேண்டியிருக்கும். ஆக, அடர்நிறத் துணியில் கையில் மிஞ்சுவது அடிவெள்ளையும் மூன்று கலரும்தான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பத்து நிலை மெஷினை விசாரித்திருப்போம்.

இவையாவது வியாபாரப் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்தது அப்பட்டமான மோசடி. விலைப்பட்டியலில் ‘புத்தம் புதிய மெஷின், சர்வோ மோட்டாரில் சுழல்வது, இரண்டு பிளாஷ், ஒரு டிரையர், ஓராண்டு முழு உத்தரவாதம்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர்கள் இடத்துக்குச் சென்று ஓட்டிக் காட்டச் சொன்னபோது புதிய மெஷின் ஒன்றைத்தான் காட்டினார்கள். எங்கள் கடைக்கு வந்திறங்கியது வேறு. பெயர்த்தகடு நான்கு புதிய திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. அதன் விளிம்புக்கு வெளியே பழைய ரிவெட் துளைகள் இரண்டு, மாவு அடைத்து பெயிண்ட் பூசிய நிலையில் இருந்தன. பனியன் மாட்டும் பேலட்டைத் தாங்கும் இரும்புக் கைகளின் அடிப்புறத்தில் விரல் நகத்தால் சுரண்டியபோது, புதிய நீலப் பெயிண்டுக்குக் கீழே காய்ந்து இறுகிய வெள்ளை மை அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. இரண்டாவது ஹெட்டின் (ஒரு கலரை அடிக்கும் தலைப்பகுதி) தண்டவாளத்தில், ஸ்குவீஜி என்ற மை வழிக்கும் ரப்பர் பட்டை போய்வரும் பகுதி மட்டும் தேய்ந்து பளபளத்தது. மதுரையிலிருந்து வரவழைத்த எலக்ட்ரிஷியன் தொடுதிரையின் பராமரிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அதில் மொத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை ஏழு இலக்கத்தில் இருந்தது. மின் பெட்டியில் சர்வோ மோட்டாரை ஓட்டும் டிரைவே இல்லை; காற்று சிலிண்டர்தான் மெஷினைச் சுழற்றிக்கொண்டிருந்தது. சரக்குடன் வந்த இ-வே பில்லை (சரக்குப் போக்குவரத்துக்கான ஜி.எஸ்.டி. ஆவணம்) எடுத்துப் பார்த்தால், சரக்கு புறப்பட்ட இடமாக அவர்களுடைய தொழிற்சாலைக்குச் சம்பந்தமில்லாத வேறோர் ஊர் பதிவாகியிருந்தது. இன்வாய்ஸில் மெஷினின் வரிசை எண்ணே இல்லை.

பழைய மெஷின் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. எம் அண்ட் ஆர், எம்.எச்.எம்., ரோக் போன்ற பெயர்பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் மெஷின்கள் ஒழுங்காகப் பராமரித்தால் நெடுங்காலம் ஓடக்கூடியவை. பழையது என்று சொல்லி, வயதுக்கேற்ற விலையில் விற்றால் அது நேர்மையான வியாபாரம். பெயிண்ட் அடித்துப் புதிது என்று விற்பது திருட்டு.

மெஷின் ஓடத் தொடங்கியதும் கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஒரு பேலட்டில் சரிசெய்தால் மற்றொன்றில் நூல் அளவு விலகியது. பேலட்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இல்லாமலும், சுழன்று நிற்கும் இடத்தில் பூட்டும் பகுதி தேய்ந்தும் இருந்தால் எந்தக் கைதேர்ந்த ஆளாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. இதைவிட எங்களை வாட்டியது காற்றுப் பிரச்சினை. ஹெட்டுகளும் சுழற்சியும் சேர்ந்து காற்றிலேயே ஓடுவதால், அவர்கள் போதும் என்று எழுதிக்கொடுத்த 5 எச்.பி. கம்ப்ரஸரால் அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஸ்குவீஜி பாதி வழியில் தளர்ந்து, பனியனின் மேல்பாதி அழுத்தமாகவும் கீழ்ப்பாதி வெளிறியும் வந்தது. மேலும், நம் கடற்கரைக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீராகச் சேர்ந்து, குழாய் வழியே வால்வுகளுக்கும் சிலிண்டர்களுக்கும் போய்விடுகிறது. தொட்டித் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டும் மழைக்காலத்தில் வால்வுகள் ஒட்டிக்கொண்டன. ஒரு வால்வைக் கழற்றியபோது உள்ளே பித்தளையில் பச்சை பூத்திருந்தது. குளிரூட்டி ஈரத்தைப் பிரிக்கும் ஏர் டிரையர் இல்லாமல் கடலோரத்தில் காற்றில் ஓடும் மெஷினை வைக்கவே கூடாது. அதன் விலை பட்டியலில் இல்லை. கேட்டபோது ‘தேவைப்படாது’ என்றுதான் பதில் வந்தது.

அச்சடித்த பனியனை பெல்ட்டில் அனுப்பிச் சூடாக்கி மையை இறுக்கும் டிரையரால் வந்த அவமானம் தனி. சூட்டில்தான் இறுகும் பிளாஸ்டிசால் மை முழுமையாக இறுக அந்த மைப்படலம் முழுவதும் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். டிரையரின் திரையில் தெரிவது உள்ளிருக்கும் காற்றின் சூடு. மையின் சூடு அதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். எங்களுக்குத் தந்த டிரையரின் கூடு குட்டையானது. மெஷினின் வேகத்துக்கு ஈடுகொடுக்க பெல்ட்டை ஓட்டினால் மை மேலே காய்ந்ததுபோலத் தோன்றி, உள்ளே வேகாமல் வெளியே வந்தது. ஒரு கைப்பந்துக் குழுவுக்குக் கொடுத்த பனியன்களில் எண்கள் முதல் சலவையிலேயே உரிந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு சேர்த்துச் செய்தவை அவை. அத்தனையையும் திரும்ப வாங்கி, கைமெஷினில் புதிதாக அடித்துக் கொடுத்தோம். ஒட்டும் வெப்பநிலைப் பட்டையை மையின் அருகில் ஒட்டி டிரையருக்குள் அனுப்பி, பிறகு அச்சை இழுத்துப் பார்த்து, துவைத்தும் பார்க்காமல் எந்த டிரையரையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இந்தக் குறைகளையெல்லாம் சொன்னபோது விற்பனையாளர் சொன்னது இதுதான்: “உங்க ஊரு உப்புக்காத்துக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?” ஒரே ஒரு முறை வந்த சர்வீஸ் ஆள் அழுத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கிளம்பினார். அதன் பிறகு, இன்வாய்ஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வாசகத்தைக் காட்டி, மின்னணுப் பாகங்களும் காற்றில் இயங்கும் பாகங்களும் உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். ஆட்டோமேட்டிக் மெஷினில் இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது இரும்புச் சட்டம் மட்டுமே. விலைப்பட்டியலில் இருந்த ‘முழு உத்தரவாதம்’ என்ற சொற்களை அவர்கள் அதன் பிறகு பேசவே இல்லை.

வாங்கப்போகிறவர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றுண்டு. விற்பவர் தேர்ந்தெடுத்த டிசைனை, அவருடைய ஆட்கள், முன்கூட்டியே சரிசெய்து வைத்த இரண்டு பேலட்களில் மட்டும் ஓட்டிக் காட்டுவதைச் சோதனையாக ஏற்காதீர்கள். உங்கள் கடையில் அடிக்கடி வரும் கடினமான வேலையின் பிலிமையும் (ஸ்கிரீனில் படம் ஏற்ற உதவுவது), நீங்கள் வாங்கும் அதே அடர்நிறத் துணியையும், உங்கள் மையையும் எடுத்துச் செல்லுங்கள். எல்லா பேலட்களிலும், பிளாஷுடன், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லி, வெளிவந்த நல்ல பனியன்களை மட்டும் எண்ணுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் புயல் மழை நாட்களில் மின்சாரம் எந்த நேரமும் போகும். குவார்ட்ஸ் பிளாஷ் உடனே தணிந்துவிடும். அகச்சிவப்புத் தகடு வகை வெகுநேரம் சூட்டைப் பிடித்துவைத்திருந்து, கீழே நின்றுவிட்ட பனியனைக் கருக்கிவிடும். பிளாஷ், டிரையர், கம்ப்ரஸர் மூன்றின் மின்சுமையையும் கிலோவாட்டில் எழுதி வாங்கி, உங்கள் மும்முனை இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட சுமையோடு ஒப்பிட்ட பிறகே பேச்சைத் தொடருங்கள். நீங்கள் வாங்கப்போகும் அந்த மெஷினின் வரிசை எண்ணையும் சுற்று எண்ணிக்கையையும் படமெடுத்து, அந்த எண்ணையே விலைப்பட்டியலிலும் இன்வாய்ஸிலும் எழுதச் சொல்லுங்கள். கடலோரத்தில் ஏற்கெனவே அதே மெஷினை வைத்திருப்பவர் யாரேனும் உண்டா என்று கேட்டு, ஒரு மழைக்காலமாவது கடந்த மெஷினை நேரில் சென்று பாருங்கள். இருநூறுக்குக் குறைவான ஆர்டர்களே உங்கள் பிழைப்பு என்றால், ஸ்கிரீன் பொருத்தி, பொருத்தம் பார்த்து, கழுவி இறக்கும் நேரம் ஆட்டோமேட்டிக்கின் லாபத்தைத் தின்றுவிடும் என்பது என் கருத்து. நல்ல கைமெஷினும் தரமான டிரையருமே அந்தக் கடைக்குப் போதும்.

பணம் கொடுக்கும் முறையும் முக்கியம். வங்கிக் கடனில் வாங்கும்போது வங்கி விற்பவரின் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும். முழுத்தொகையும் வந்தால்தான் லாரி ஏறும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஒரு பகுதியை நிறுத்திவைக்கும்படி நாங்கள் கேட்டதற்கு இணங்கவில்லை. அப்படிப் பிடிவாதம் பிடிப்பவரிடம் வாங்கவே வேண்டாம். கடைசித் தவணை உங்கள் கடையில் சோதனை ஓட்டம் முடிந்து நீங்கள் கையொப்பமிட்ட பிறகே தரப்படும் என்று ஆர்டரில் எழுதி, அதன் நகலை வங்கி மேலாளரிடமும் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சொல்லி விற்ற விவரத்துக்குச் சரக்கு பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின்படி, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே தொலைபேசியில் சண்டை போடுவதோடு நிற்காமல் பதிவுத் தபாலில் உடனே எழுதுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழிலில் தன் வாழ்வாதாரத்துக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இன்வாய்ஸில் வேறு ஊர் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்க இச்சட்டம் வழி செய்கிறது. நாங்களும் ராமநாதபுரத்தில்தான் கொடுத்திருக்கிறோம்.

மெஷின் இன்னும் எங்கள் கடையில் நிற்கிறது. சாட்சிப் பொருள் என்பதால் அதில் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை, பெயர்த்தகட்டையும் கழற்றவில்லை. ‘புத்தம் புதியது, சர்வோ, மணிக்கு 900’ என்ற வரிகள் உள்ள விலைப்பட்டியல் உங்கள் கையில் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் பட்டியலையும் மெஷினையும் பக்கத்தில் வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.