கதாபாத்திரத்துக்கு நிஜ ஊரா, கற்பனை ஊரா?

நாங்கள் ஆறு பேர், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனில் சேர்ந்து ரோல்ப்ளே ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம், அவரவர் வசனத்தை அவரவர் எழுத வேண்டும். என் முதல் பாத்திரம் ஒரு பம்புசெட் மெக்கானிக். தாமிரபரணிக் கரையில் நானே ஒரு கிராமத்தை உண்டாக்கி அவனை அங்கே பிறக்க வைத்தேன். இப்போது ஆடுவது திருநெல்வேலிப் பக்கம் நிஜமாகவே இருக்கும் முக்கூடலில் பீடி சுற்றும் ஒருத்தியை. இரண்டையும் பார்த்தாயிற்று, என் ஓட்டு நிஜ ஊருக்குத்தான்.

கற்பனை ஊரில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது, கோயிலை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். அது சரி. ஆனால் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறதே! தனியாகக் கதை எழுதுகிறவர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளலாம். ஆறு பேர் ஆடும்போது ஆளுக்கொரு செங்கல் வைப்பார்கள். என் கிராமம் ஆற்றுக்கு வடகரை. ஒருவர் பாலமே ஏறாமல் அங்கிருந்து தென்கரையில் இருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கு நடந்து போய்விட்டார். பிசான நெல்லை அறுக்க வேண்டிய மாசியில் இன்னொருவர் நடவு நட்டார். மூன்று மாதத்தில் மெக்கானிக்கை மறந்துவிட்டு ஊர்க் கணக்குப் பிள்ளை ஆகிவிட்டேன்.

முக்கூடல்காரிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளைப் பற்றி நான் எழுதி வைத்தது மூன்றே வரி: ராத்திரி இலையை நனைத்து வைப்பாள், கூலி ஆயிரம் பீடிக் கணக்கு, சுற்றக் கொடுத்த இலை மோசமாக இருந்தால் குறைகிற இலையைக் கடையில் வாங்கி ஈடுகட்டுவாள். மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் இலைக் கடைக்காரராகவே வந்துவிட்டார். "ஏட்டி, போன வாரப் பாக்கி என்னாச்சு?" என்று அவர் கேட்டதும் அவளுக்குக் கடன், கோபம், ஒளிந்து போகிற தெரு எல்லாம் தானாக வந்தன. நான் ஒன்றும் விளக்கவில்லை.

நிஜ ஊரில் தப்பு வராமலா? 2010இல் நடக்கும் காட்சியில், சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்காவைத் தென்காசி மாவட்டத்துக்காரி என்று எழுதிவிட்டேன். அந்த மாவட்டமே 2019 நவம்பரில்தான் வந்தது. ஒரே வரியில் திருத்தியாயிற்று. எது சரி என்பதற்கு ஊரே சாட்சி, சண்டைக்கு வேலையில்லை.

கொலை, சாதித் தகராறு என்று கதை போனால் மட்டும் கற்பனை ஊர்தான் நல்லது. பெயர் சொன்ன ஊரில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ராஜா காலத்துக் கதை ஒரே ஒருமுறை ஆடியிருக்கிறேன், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

மெக்கானிக்கை இப்போது வீரவநல்லூரில் குடியேற்றியிருக்கிறேன். பழைய ஊரைப் பற்றிக் கேட்டால், "அத விடும்வே" என்று ஸ்பானரை எடுத்துக்கொள்கிறான்.