வேப்பங்குச்சியும் கொய்யாக் கொழுந்தும்: நாலு வருடம் கழித்து

முந்தின நாள் சுட்ட ரொட்டியைக் காலையில் கடித்தேன். கடித்த இடத்தில் ரத்தம், ஈறிலிருந்து. அப்போது எனக்கு 38 வயது. வலி ஏதும் இல்லாததால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகத் தோன்றவில்லை. எங்கள் அப்பாயி தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்து, எண்பது வயது வரை முழுப் பல்லோடு இருந்தவர். பேஸ்டையே தொடாதவர், அடுப்புக்கரியும் உப்பும்தான். நாமும் நம்ம வழிக்கே திரும்பினால் என்ன என்று இறங்கினேன்.

கரியை மட்டும் தொடவில்லை. காரணம் தாத்தா. அவருடைய பற்களில், ஈறை ஒட்டின இடத்தில், அரத்தால் ராவினது போல் பள்ளம் விழுந்திருக்கும். கரியும் செங்கல் தூளும் வருடக்கணக்காகத் தேய்த்துப் போட்ட பள்ளம் அது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே முகத்தைச் சுளிப்பார்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்கிறோம். அந்த வேல் வேம்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது கருவேலம். இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹட்டன் குளிருக்கு வேலமும் வராது, வேம்பும் வராது. வவுனியாவில் இருக்கும் மச்சான் பஸ்ஸில் கட்டுக் கட்டாக வேப்பங்குச்சி அனுப்பிவைப்பார். ஈரப் பேப்பரில் சுற்றி வைத்தாலும் பத்து நாளில் காய்ந்துவிடும். காய்ந்த குச்சியை அப்படியே கடித்தால் சிலாம்பு ஈறில் ஏறும் (ஏறியது). இரவே தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் நுனித் தோலைக் கொஞ்சம் உரித்து, கடைவாயில் வைத்து மென்றால் ஐந்து நிமிடத்தில் நார் பிரியும். அந்த நார்தான் பிரஷ். முதல் வாரம் கசப்பில் பிளேன்டீ கூட ருசிக்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

குச்சி தீர்ந்த நாட்களில் கொய்யா. இது வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது. கொழுந்து கிள்ளிப் பழகின கைகளுக்கு இதையும் கிள்ளத் தெரியும்: மேலே விரியாத குருத்தும் அதற்கடுத்த இரண்டு இலையும். ஒரு கைப்பிடி எடுத்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக இரவில் கொப்பளிப்பேன். வாயெல்லாம் துவர்த்து, ஈறு இறுகின மாதிரி இருக்கும். மூன்றே வாரத்தில் ரத்தம் நின்றது. வாய் நாற்றமும் குறைந்தது. “என்னங்க, இப்ப பக்கத்துல உக்காந்து பேச முடியுது” என்று மனைவியே சொன்னாள்.

கிராம்புத்தைலத்தோடு செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். பஞ்சில் நனைத்து நேராக ஈறில் வைத்தேன். மரத்துப்போனது சுகமாக இருந்தது. மறுநாள் பார்த்தால் அந்த இடம் வெள்ளையாக வெந்திருந்தது. கிராம்பிலுள்ள யூஜினோல் வலியை மரக்கச் செய்யும், சுத்தமாக வைத்தால் சதையையும் பொசுக்கும். அதோடு அதை விட்டேன்.

இப்படியே ஒன்றரை வருடம். எனக்கு ஈறு நோய் போய்விட்டது என்றே நினைத்தேன். பார்ப்பவர்களிடமெல்லாம் கொய்யாக் கொழுந்தின் புகழ் பாடினேன். அப்புறம் ஒருநாள் கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கு பட்டால் அசைந்தது.

பல் கிளினிக்கில் டொக்டரம்மா மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு அளந்தார். மூன்று வரை இருந்தால் பரவாயில்லை. எனக்குப் பல இடங்களில் ஐந்து, ஆடின பல்லில் ஆறு. ரத்தம் நின்றுவிட்டதே என்றேன். “ரத்தம் நின்னா நோய் நின்னுச்சுன்னு யார் சொன்னது?” என்றார். சுருட்டு குடிப்பவர்களுக்கும் ஈறில் ரத்தம் அவ்வளவாக வராதாம், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும். என் விஷயத்தில் துவர்ப்பு மேலே ஈறை இறுக்கிக் காட்டியது, அடியில் நடந்ததை நான் பார்க்கவில்லை.

ஈறு நோயில் முக்கியமாகச் சொல்லப்படுகிற கிருமி போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். 1998இல் ஆய்வாளர்கள் இதையும் இன்னும் இரண்டையும் சேர்த்துச் சிவப்புக் கூட்டம் என்று பிரித்தார்கள். இதற்குக் காற்று ஆகாது, ஈறு பல்லை விட்டு விலகி விழுகிற ஆழமான பைக்குள்தான் குடியிருக்கும். ஈறில் கசியும் ரத்தத்தின் இரும்புச்சத்துதான் இதற்குத் தீனி. ஆய்வுகூடத்துத் தட்டில் வளர்த்து, கிராம்பு எண்ணெயையோ பச்சைத் தேயிலையிலுள்ள கேட்டசின் என்ற துவர்ப்புப் பொருளையோ விட்டால் இதன் வளர்ச்சி அடங்கும். (நாம் பறிக்கிற கொழுந்தில் கேட்டசின் நிறைய. ஃபெக்டரியில் புளிக்கவைத்துக் கறுப்புத் தேயிலை ஆக்கும்போது பெரும்பகுதி வேறாக மாறிவிடுகிறது.) ஆனால் வாயில் அது தட்டில் இல்லை. பிசுபிசுத்த படலத்துக்குள், பைக்கு அடியில், கல்லாக இறுகின காரைக்குப் பின்னால் இருக்கிறது. கொப்பளிக்கிற தண்ணீர் அங்கே போகாது. குச்சியின் நாரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. பல் ஊத்தையைத் தினமும் தேய்த்து எடுக்கலாம். எச்சிலின் கல்சியம் ஏறிக் காரையாகிவிட்டால் எந்த இலையும் அதைக் கரைக்காது.

அப்பாயி கணக்கும் அப்போதுதான் புரிந்தது. நோர்வேக்காரரான ஹரால்ட் லோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பற்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிரஷ் பழக்கம் இல்லாதவர்கள். சொத்தை கிட்டத்தட்ட இல்லை, ஊத்தையும் காரையும் ஈறு வீக்கமும் ஏறக்குறைய எல்லாருக்கும். அப்படியிருந்தும் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் நடக்கவில்லை. பெண்களை அவர்கள் பார்க்கவில்லை, ஆனாலும் எங்கள் அப்பாயி அந்த 11இன் பக்கம் பிறந்தவர் என்றுதான் நினைக்கிறேன். கரிக்கும் உப்புக்கும் நான் கொடுத்த பேர் அவருடைய உடம்புக்குப் போக வேண்டியது. அதே லயத்தில் நாற்பதில் பல் கொட்டினவர்களை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

நாலு முறை போய் ஈறுக்கு அடியில் காரையைச் சுரண்டி எடுத்தார்கள். இரவில் ஃபுளோரைட் பேஸ்டும், பல் இடுக்குக்கு குட்டிப் பிரஷும். வேம்பில் பேஸ்ட் அளவுக்கு ஃபுளோரைட் கிடையாது, இடுக்குக்குள்ளும் போகாது. ஆனால் காலையில் வேப்பங்குச்சியை நான் விடவில்லை. குறுக்கே அறுப்பது போல் தேய்த்துத்தான் மேல் கோரைப்பல்லில் ஈறு ஏறிவிட்டது. இப்போது ஈறிலிருந்து பல் நுனிக்கு, மெதுவாக. கொய்யாத் தண்ணீர் வாரத்தில் மூன்று நாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கப் போகிறேன்.

வெற்றிலை போடுகிறவர்கள் இதையெல்லாம் செய்து பார்ப்பதற்கு முன் பாக்கை விடுங்கள். அது வாய்ப் புற்றுநோய்க்கே காரணம். ரத்தம் வருகிறவர்கள் முதலில் பல் கிளினிக்கில் அந்தக் கம்பியால் அளக்கச் சொல்லுங்கள், குச்சியை அப்புறம் பார்க்கலாம்.

போன மாதம் அளந்தபோது ஐந்தெல்லாம் மூன்று, நாலுக்கு வந்திருந்தது. ஆறு இருந்த இடம் இன்னும் ஐந்து. பல் லேசாக ஆடுகிறது. ரொட்டியை அந்தப் பக்கம் வைத்துக் கடிப்பதில்லை.